ஆமைக்கு ஆகாத ஈரம்

கண்ணாடி ரப்பர் வாங்கப் போனால் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லி, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து, பத்து எண்ணுவதற்குள் தடம் மறைந்தால் நல்ல ரப்பர். பதியவே இல்லையென்றால் அது கல். பதிந்தது மறையவில்லையென்றால் களிமண். இந்த இரண்டில் ஒன்றைக் காரின் முன்கண்ணாடியைச் சுற்றிப் போடுவதைவிடக் கண்ணாடியே இல்லாமல் ஓட்டலாம்.

பழைய கார்க் கண்காட்சியில் நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். எந்த ரப்பர் போட்டேன், இத்தனை மழையிலும் துரு வராமல் எப்படிக் காப்பாற்றினேன் என்று. உங்களிடமும் இதே கார் இருப்பதாகச் சொல்லி, முகவரி எழுதிய சீட்டை என் சட்டைப்பையில் வைத்தீர்கள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணன் மகள் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இப்போது முதல் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை என்பதால் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நான் முப்பத்தோரு வருடம் மருந்து பாட்டில் தொழிற்சாலையில் மூடி சோதித்தவன். நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் வெள்ளைத்தாள் வைத்து, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தாளில் ஒரு சொட்டு விழுந்திருந்தால் பெட்டி முழுவதும் திரும்பிப் போகும். அங்கே எனக்குப் பட்டப்பெயரே ‘மூடி’தான். வாயும் லேசில் திறக்காது என்பதால் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

கார் என்னுடையது இல்லை, அண்ணனுடையது. அவர் மரம் அறுக்கும் ஆலையில் மேஸ்திரியாக இருந்தபோது வாங்கியது. அண்ணன் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையாக அதில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச ஆரம்பித்ததும் அவள்தான் அதற்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தாள். முதுகு உருண்டு, முகம் தணிந்து இருக்கும் அல்லவா, அதனால். நாற்பது வருடம் ஆமையை ஓட்டியவர் அண்ணன், கழுவியவன் நான். தெருவில் போகிறவர்கள், “உங்க கார் சூப்பரா இருக்கே” என்று அண்ணனிடம் சொல்வார்கள். கையில் ஈரத்துணியோடு நானும் பக்கத்தில்தான் நிற்பேன். இதை மனக்குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணி போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள். வீட்டின் பின்னால் காருக்கு ஒரு ஷெட். ஷெட்டுக்கும் அண்ணன் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் அண்ணனின் தலைமாடு, அந்தப் பக்கம் ஆமையின் முகம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிக் கறுத்துவிடும். அண்ணனை முன்னறைக்கு மாற்றியிருக்கலாமே என்பீர்கள். கழிப்பறை பின்னறையோடு சேர்ந்தது. ஐந்து தப்படி நடந்தால் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். ஆலையின் மரத்தூள் நுரையீரலை அரைத்துவிட்டிருந்தது.

ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மழைக்கு முன்னால் பழைய ரப்பர் வெடித்துவிட்டதால் மாற்றினேன். அப்போது கடைக்காரர் பேச்சைக் கேட்டவன் நான். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று ஒரு சுருளைத் தந்தார். எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் பொருந்தாது என்று எனக்கு ஏன் உறைக்கவில்லையோ தெரியவில்லை. ரப்பரில் இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்று கண்ணாடியைக் கவ்வும், மற்றது காரின் தகட்டு விளிம்பைக் கவ்வும். இரண்டின் கனத்தையும் அளந்துகொண்டு போக வேண்டும். நான் கண்ணாடியை அளந்தேன், தகட்டை அளக்கவில்லை. முப்பத்தோரு வருடம் மூடி பார்த்தவன் செய்த தவறு அது.

மாட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். தகட்டைக் கவ்வும் பள்ளத்தில் சுற்றிலும் கயிறு செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே உட்கார்ந்து இன்னொருவர் கயிற்றை மெல்ல உருவ வேண்டும். ரப்பரின் உதடு புரண்டு தகட்டின் மேல் ஏறிக்கொள்ளும். அன்று உள்ளே உட்கார்ந்தவர் அண்ணன். ஒரு சாண் உருவுவார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடி ஒரு சாண். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “அவசரப்படாதடா சின்னவனே, ஆமை எங்கயும் ஓடிடாது” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, கண்ணாடியில் அவர் மூச்சு படிந்து முகம் மறைந்துவிட்டது.

முதல் மழையிலேயே ஒழுகியது. ரப்பருக்கு அடியில் புகுந்த தண்ணீர் தகட்டு மடிப்பில் தங்கிவிடும். வெளியே பார்த்தால் மினுமினுப்பு, உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றினேன். கீழ்மூலை இரண்டிலும் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுரண்டி, தேய்த்து, வெள்ளைத் தகடு தெரியும்வரை கொண்டுவந்து, சிவப்பு பிரைமர் அடித்தேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பிரைமர் மட்டும் போதாது. மேல் பெயின்ட் ஏறும்வரை அது ஈரத்தைக் குடிக்கும். காற்றில் ஈரம் இருந்தால் பெயின்ட் அடிக்கவும் முடியாது, அடித்தால் கொப்புளம் கிளம்பும். சரியான ரப்பர் வேறு ஊரிலிருந்து வர ஆறு வாரம் என்றார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஆமையைப் பார்க்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு மெஷின் வந்திருந்தது. அண்ணனைப் பார்க்க வீட்டுக்கு வந்த டாக்டர் சுவரைத் தடவிப் பார்த்து, “இவருக்கு ஈரம் ஆகவே ஆகாது. இந்தப் பூஞ்சையோட படுத்தா மருந்து எதுவும் பிடிக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். அவள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றை வரவழைத்து அனுப்பினாள். இடுப்பு உயரம், அடியில் சக்கரம், வயிற்றில் தொட்டி. தேனீ முரல்வது போல ஒரே சீராக ஒரு சத்தம். முதல் நாளே தொட்டியில் மூன்று லிட்டர் தண்ணீர். அண்ணன் எட்டிப் பார்த்து, “இத்தனையையுமாடா நான் மூச்சுல இழுத்துட்டு இருந்தேன்?” என்றார். நான்கைந்து நாளில், மூச்சுக்காகச் சாய்ந்து படுக்க அடுக்கியிருந்த தலையணையில் இரண்டைக் குறைத்தார். பத்து நாளில் தானாகவே எழுந்து முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். பத்தொன்பது நாள் அந்த மெஷின் அவர் அறையில் இருந்தது.

இருபதாம் நாள் அதை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணன்தான் சொன்னார், “எனக்கென்னடா, நீ முதல்ல ஆமையைப் பாரு” என்று. இரண்டு நாளில் பெயின்ட் காய்ந்துவிடும், திருப்பி வைத்துவிடலாம் என்பதுதான் ஏற்பாடு.

இரண்டு நாளில் காய்ந்தது மேல்தகடு. மடிப்புக்குள் காய ஒரு வாரம் ஆகும். அதற்குள் கதவின் அடியில் ஒரு பொட்டுத் துரு கண்ணில் பட்டது. துரு ஒன்றைப் பார்த்தவன் கண்ணுக்கு ஊரெல்லாம் துருதான். அதைச் சுரண்டினேன், பிரைமர் அடித்தேன், மறுபடி ஒரு வாரம். ஈரம் காட்டும் கடிகாரம் ஒன்று வாங்கி ஷெட்டில் மாட்டினேன். முள் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் இரும்புக்கு நல்லது. நாற்பத்தெட்டைத் தாண்டவே விடவில்லை. கதவிடுக்கில் சாக்குத்துணி திணித்து, கூரை இடுக்கில் தார் அடைத்து, மெஷினை ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் பார்த்துக்கொண்டேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். எண்ணெய், மெழுகு, மேல்பூச்சு எல்லாம் அப்புறம்.

அண்ணன் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள்.

“மெஷின் ஓடுதா சித்தப்பா?”

“ஓடுதும்மா. நிறுத்தறதே இல்ல.”

“தண்ணி எவ்ளோ வருது?”

“மூணு லிட்டர். மழை ஜாஸ்தியா இருந்தா மூணரை.”

ஒன்றிலும் பொய் இல்லை. தொழிற்சாலைப் பதிவேட்டில் ஒரு நாளும் பொய் எண் எழுதியதில்லை, அவளிடமும் சொல்லவில்லை. பிறகு போனை அண்ணனிடம் கொடுப்பேன். “நல்லா இருக்கேம்மா, உன் சித்தப்பன் பாத்துக்கறான்” என்பார். அதற்கு மேல் பேச மூச்சு இருக்காது. மெஷினைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததையும் நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாள் அந்தக் கடிகாரத்தை அண்ணன் அறையில் வைத்துப் பார்த்தேன். எதற்கு வைத்தேன் என்று என்னால் விளக்க முடியவில்லை. கால் மணி நேரத்தில் முள் எண்பத்தாறில் வந்து நின்றது. அந்த அளவில் இரும்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அது இருந்த ஆணியிலேயே ஷெட்டில் மாட்டினேன். அன்று சாயங்காலம் அண்ணன் அறைச் சுவரைப் பழந்துணியால் துடைத்துவிட்டேன். பூஞ்சை துணியில் பச்சையாக வந்தது. துணியைத் துவைத்துப் போட்டேன். அவருக்கு ஏதோ செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு சாப்பிட்டதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சரியான ரப்பர் வந்தது. கயிறு உருவ அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. தெருமுனைத் தையல்காரரைக் கூப்பிட்டேன். கடையில் இரண்டு கல்யாண உருப்படி காத்திருக்க, இஞ்ச் டேப்பைக் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். தையல்காரர் கை அல்லவா, கயிறு ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. “இது என்னண்ணே, ரீங்காரம் போடுது?” என்று மெஷினைக் காட்டிக் கேட்டார். ஈரம் எடுப்பது என்றேன். “அடேங்கப்பா, காருக்குன்னா இவ்ளோ பவிசா” என்று சிரித்துக்கொண்டே போனார். ரப்பரின் இணைப்பை மேல் நடுவில் வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே வையுங்கள், அங்கே தண்ணீர் தங்காது. பிறகு உள்ளே வெள்ளைத்தாள் விரித்து, வெளியே பத்து வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வேலையில் இருந்த காலத்தில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அன்றைக்கே மெஷினைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மழை முடிந்ததும் கண்காட்சி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மதிப்பெண் போடுகிறவர்களில் ஒருவர் ரப்பருக்கு அடியில் வெள்ளைத் துணி விட்டு இழுத்துப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்னும் ஐந்து வாரம்தானே என்று நினைத்தேன்.

ரப்பர் மாட்டிய பதினோராம் நாள் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆமையில் இல்லை, வாடகைக் காரில். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் என்றார்கள். “ரூம் இன்னும் ஈரமாத்தான் இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். “மெஷின் வாங்கியாச்சு டாக்டர்” என்றேன். அதுவும் பொய் இல்லை. இரண்டாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார்.

மகள் வந்து சேர்வதற்கு முன்னால் மெஷினைத் துடைத்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, அண்ணன் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, சுவிட்சைப் போட்டேன். அவள் வந்ததும் அந்த மெஷினைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள்.

இருபது நாள் கழித்துக் கண்காட்சி. நான் போக வேண்டாம் என்றேன். கொஞ்சம் பலமாகவே சொன்னேன், அவள் விடமாட்டாள் என்று தெரிந்துகொண்டு. “அப்பா இருந்தா வந்திருப்பார் சித்தப்பா, போலாம்” என்றாள். மதிப்பெண் போடும் அந்த ஆள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தார். துணி போன நிறத்திலேயே திரும்பி வந்தது. “யார் கைவேலை இது?” என்று கேட்டார். நாற்பது வருடத்தில் முதல் தடவை யாரோ அதைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “எங்க சித்தப்பா. எங்கப்பாவையும் இந்தக் காரையும் ஒத்தை ஆளா ஒரே மாதிரிப் பாத்துக்கிட்டவர்” என்றாள். கூட்டம் கைதட்டியது. நீங்களும் தட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து கேட்டீர்கள். இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன் என்று.

ஊருக்குத் திரும்பும் முன் அவள் மெஷினைச் சுத்தம் செய்தாள். தையல்காரரின் அம்மாவுக்கும் இதே மாதிரி மூச்சுத் தொந்தரவாம். அவர்களுக்குக் கொடுத்துவிடலாம், இன்னொரு உயிருக்காவது உதவட்டும் என்றாள். பின்பக்கத்தைத் திறந்து வலையை எடுத்தாள். வலை முழுக்கச் சிவப்புப் பொடி.

“இது ஏன் சித்தப்பா சிவப்பா இருக்கு?”

“சுவத்துச் செங்கல் தூசும்மா” என்றேன்.

சுத்தமான பொய் அது ஒன்றுதான். அவள் வலையை விரலால் தடவிப் பார்த்தாள். “இவ்ளோவும் அப்பா நெஞ்சுக்குள்ள போயிருக்கும். இந்த மெஷின்தான் தடுத்திருக்கு” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எனக்கு அப்பாவும் நீங்கதான். விசா பேப்பர் எல்லாம் போட்டு உங்களை என்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்” என்றாள். எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். இந்தக் கடிதம் அவளுக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தெரியாமலில்லை. அவள் முகவரி எனக்கு மனப்பாடம். ஆனால் உங்கள் சீட்டைத்தான் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது.

மேலே ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தாமல் இங்கேயே சொல்கிறேன். “எனக்கென்னடா, நீ முதல்ல ஆமையைப் பாரு” என்று அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னது இருபது வருடத்துக்கு முன்னால். நாங்கள் இரண்டு பேரும் மழையில் மாட்டிக்கொண்டு, தெப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தோம். நான் துண்டை அவரிடம் நீட்டினேன். அப்போது சொன்னது. அன்று அவர் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் தூங்கும்போதுதான் மெஷினை எடுத்துப் போனேன். விழித்ததும் கட்டில் பக்கத்தைத் தடவிப் பார்த்து, “மெஷின் எங்கடா சின்னவனே?” என்று கேட்டார்.

“சர்வீஸுக்குப் போயிருக்கு. ரெண்டு நாள்ல வந்துடும்” என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, “சரிடா” என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஏழு வாரம்.

ரப்பரின் அளவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு துண்டும் வெட்டி வைத்திருக்கிறேன். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நேற்றிலிருந்து இங்கே பருவம் தப்பி மழை. ஆமையின் கதவு மடிப்பில் போன வாரம்தான் புதுப் பெயின்ட் அடித்தேன், இன்னும் முழுதாகக் காயவில்லை. இன்று காலை தையல்காரர் தள்ளுவண்டியோடு வாசலுக்கு வந்தார், மெஷினை எடுத்துப் போக. அம்மாவுக்கு நேற்று முழுக்க மூச்சே பிடிபடவில்லையாம்.

“சர்வீஸுக்குப் போயிருக்குப்பா. ரெண்டு நாள்ல வந்துடும்” என்றேன்.

பின்னால் ஷெட்டிலிருந்து அந்த ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. தையல்காரர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். “சரிண்ணே” என்று தலையாட்டிவிட்டு, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மழையில் போனார். அண்ணனும் அப்படித்தான் தலையாட்டினார். அவருக்கும் சுவர் வழியாகக் கேட்டிருக்கும்.